மூன்று புள்ளிக் கோடு இல்லாமலே 3,667

கேள்வி: பீட் மராவிச் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய புலியாமே? பிறகு என்ன ஆனார்? நெட்பால் ஆடும் என் மகளுக்கு அவருடைய பயிற்சி உதவுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: புலியேதான். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. தூரத்திலிருந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் அந்த மூன்று புள்ளிக் கோடே அப்போது கிடையாது. முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆட முடியாது என்ற அன்றைய விதியால் மூன்றே பருவம். 2023இல் அந்த்வான் டேவிஸ் என்ற கல்லூரி வீரர் இந்த எண்ணிக்கையை 3 புள்ளியில் கோட்டைவிட்டார். அவர் ஆடியதோ ஐந்து பருவம்!

தொழில்முறை ஆட்டம் 1970 முதல் 1980 வரை. முழங்கால் காயம் வேகத்தைத் தின்றுவிட்டது. 1988 ஜனவரியில், 40 வயதில், நண்பர்களோடு ஆடும்போதே விழுந்து இறந்தார். பிறவியிலேயே இடது இதயத் தமனி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மகளுக்கு: கால்களைத் தோள் அகலம் விரித்து, முழங்காலை மடக்கி, பந்தைத் தரையில் தட்டாமல் இரு கால்களையும் சுற்றி எட்டு வடிவில் கைமாற்றச் சொல்லுங்கள். 30 விநாடி, பிறகு எதிர்த்திசை. பந்து நழுவினால் உள்ளங்கையில் பிடிக்கிறாள் என்று அர்த்தம். விரல் நுனியில் இருக்க வேண்டும். பார்வை சுவரில். நெட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வேலையே இல்லையே, ஆகவே முதல் சில வாரம் தலை தானாகக் குனியும்.