மருத்துவமனையில் சேர்க்கப்போகும் 5 வயதுக் குழந்தையின் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். 5 வயது மகனுக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். அடுத்த வாரம் திருச்சூரில் ஒரு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஊசி என்றாலே அலறுகிறான். அவன் மனம் உடையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: சகோதரி, நான் வேலந்தாவளத்துக்காரி. என் மகளுக்கும் இதே சிறுநீரக நோய்தான், சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும். சின்ன வயதில் வந்தது, இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். மருந்தைப் பற்றி டாக்டர் சொல்வார். மனதைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இந்த வயதுக் குழந்தைகள், தாங்கள் ஏதோ தப்பு செய்ததால்தான் நோய் வந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. ஊசி பயம் ஊசியோடு போய்விடும், இது அப்படிப் போகாது.

உங்களுக்கும் வீட்டிலேயே சிறுநீர் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். காலையில் முதல் சிறுநீரைச் சோதனைக்குழாயில் எடுத்து, அவர்கள் தரும் அமிலத்தைச் சில துளி விட வேண்டும். புரதம் போகிறதென்றால் வெள்ளையாகக் கலங்கும். எவ்வளவு கலங்குகிறது என்பதை 1+, 2+, 3+ என்று குறிப்பார்கள்; தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டதாகக் கணக்கு. என் மகள் பல் துலக்கும் முன்பே வந்து நிற்பாள். குழாயைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். ஒருநாள் கலங்கியபோது, "மாமா வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றேனே, அதனால்தானே அம்மா?" என்று கேட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தாளோ!

உப்பைக் குறைக்கச் சொல்வது வீக்கம் ஏறாமல் இருக்கத்தான். சிப்ஸ் தின்றதால் இந்த நோய் வருவதில்லை. அது திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண சளிக்காய்ச்சல் போதும். இதை உங்கள் மகனிடம் அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா கண்ணு" என்று அப்புச்சி பாசத்தில் சொல்வார். அவரைத் தனியே அழைத்து, இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

ஊசி விஷயத்தில் "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்திய மறுநொடி அது பொய்யாகிவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டே இருப்பேன், நீ அழலாம்" என்று சொல்லுங்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், ஆகவே டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். படுக்கவைத்து அமுக்குவதைவிட, மடியில் உட்காரவைத்து அணைத்தபடி போட முடியுமா என்றும் கேளுங்கள். "ஊசி போட்டுக்கொள்கிறாயா?" என்று அவனிடம் கேட்காதீர்கள், அது அவன் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. எந்தக் கையில் போடலாம், பார்க்க வேண்டுமா, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா என்பவற்றை அவன் தீர்மானிக்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பொம்மைக்குப் போட்டு விளையாடட்டும். என் மகள் பொம்மையை அதட்டிய அதட்டலில்தான் வார்டில் அவளுக்கு எது பிடிக்கவில்லை என்றே எனக்குத் தெரிந்தது.

வார்டில் எல்லாரும் மலையாளத்தில் பேசுவார்கள். நமக்குப் புரியும், ஆனால் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளைக்குப் பாதிதான் புரியும், மீதியை பயம் இட்டு நிரப்பிவிடும். டாக்டர் வந்துபோனதும், என்ன சொன்னார் என்பதை இரண்டே வாக்கியத்தில் அவனுக்குச் சொல்லுங்கள். அவன் காதுபட யாரோடும் கிசுகிசுக்காதீர்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் அழுகை நின்றால், "பழகிவிட்டான்" என்பார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். முன்பு இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள விடுவதில்லை. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர், அப்படி 8 நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். அவள் ஓயாமல் அழவில்லை, அடங்கி ஒடுங்கிப்போனாள். அந்த அமைதி தேறுதல் அல்ல, நம்பிக்கை இழப்பு என்பது அவர் வாதம். 1959இல் அங்கே அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும், சிறு குழந்தைகளோடு தாய் தங்க இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே நீங்களோ அவன் அப்பாவோ மாறி மாறிக் கூடவே இருங்கள். வெளியே போனால் சொல்லிவிட்டுப் போங்கள், தூங்கும்போது நழுவிவிடாதீர்கள்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் ஓயாத பசியும் காரணமில்லாத கோபமும் வரும், முகம் உப்பும். அந்தக் கோபம் மருந்தால் வருவது, அடிக்காதீர்கள். பள்ளியில் "குண்டு" என்று கேலி செய்வார்கள். டீச்சரிடம் அவன் திரும்பிப்போகும் முன்பே பேசிவிடுங்கள், மருந்து குறையக் குறைய முகம் பழையபடி ஆகிவிடும் என்று அவனிடமும் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, விரல் சப்புவது, உங்களை விட்டு நகராமல் இருப்பது எல்லாம் கொஞ்ச நாள் இருக்கும். திட்டாமல் விட்டால் தானாகக் குறையும். வாரக்கணக்கில் தூங்காமலோ, விளையாடாமலோ, பேசாமலோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். நீங்களே துவண்டுபோனால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்கு இலவசமாக அழைக்கலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.