சீனியர் கொடுத்த கிளவுட்சிம் கோடை 7ஜிக்கு மாத்தணுமா?

எம்.இ. படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்காங்க. சீனியர் கொடுத்துட்டுப் போன கிளவுட்சிம் 3.0.3 ப்ராஜெக்ட் கைல இருக்கு (கிளவுட்சிம்னா நிஜ சர்வர் இல்லாம கிளவுட் டேட்டாசென்டரை கம்ப்யூட்டர்லயே சிமுலேட் பண்ணிப் பாக்கற ஜாவா டூல்கிட்), எந்த விஎம்-ஐ (வர்ச்சுவல் மெஷின்) எந்த ஹோஸ்ட்ல, அதாவது எந்த சர்வர்ல, வைக்கணும்னு முடிவு பண்ற அல்காரிதம் ஒண்ணு அதுல சேர்த்திருக்காங்க, இப்போ கைடு "கிளவுட்சிம்மோட புது வெர்ஷன் 7ஜி வந்தாச்சே, இன்னும் ஏன் பழசுலயே இருக்க"ன்னு கேக்கறாராம். மாத்தணுமா, மாத்தினா எவ்ளோ வேலை?

உங்க அல்காரிதம் தனி கிளாஸா இருந்தா தைரியமா மாத்துங்க. சீனியர் டூல்கிட்டுக்கு உள்ளயே கை வெச்சு கோர் ஃபைல்களைத் திருத்தியிருந்தா, ரிவியூ முடியிற வரைக்கும் தொடாதீங்க. எது உண்மைன்னு அவர்கிட்ட போன் போட்டுக் கேக்க வேணாம் (அவருக்கே ஞாபகம் இருக்காது), ஒரிஜினல் 3.0.3-ஐ டவுன்லோட் பண்ணி அவர் ஃபோல்டரோட ஒரு டிஃப் போட்டு (எந்த ஃபைல்ல எந்த வரி மாறியிருக்குன்னு ஒப்பிட்டு)ப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

ஏன் இதைச் சொல்றேன்னா, எது கோர்ல இருக்கணும், எதை மேல சேர்க்கணும்ங்கறதுதான் இந்த டூல்கிட்டோட கதையே. மெல்போர்ன் யூனிவர்சிட்டில ராஜ்குமார் புய்யா குழுவோட வேலை இது. முதல்ல 2002 வாக்குல கிரிட்சிம்னு ஒரு சிமுலேட்டர், அதுக்கு அடியில எடின்பரோல இருந்து வந்த சிம்ஜாவாங்கற சிமுலேஷன் லைப்ரரி. சிம்ஜாவால ஒவ்வொரு என்டிட்டிக்கும் (சிமுலேஷன்ல வர்ற ஒவ்வொரு பாத்திரத்துக்கும்) ஒரு த்ரெட், அதனால என்டிட்டி கூடக்கூட த்ரெட்டும் கூடி ஜாவா மூச்சு முட்டும். 2009-ல வந்த முதல் கிளவுட்சிம் இந்த ரெண்டு அடுக்கு மேலதான் உக்காந்திருந்துச்சு, 2.0-ல ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு சொந்த கோர் எழுதிட்டாங்க: இனி நடக்கப்போற ஈவென்ட் எல்லாம் ஒரு க்யூல நேர வரிசைல நிக்கும், கடிகாரம் ஒரு ஈவென்ட்ல இருந்து அடுத்த ஈவென்ட்டுக்கு நேரா தாவும், நடுவுல சும்மா ஓடாது. 400 செகண்ட் வேலைன்னு ரிசல்ட் காட்டிட்டு ப்ரோக்ராம் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுதேன்னு பயப்படறவங்க நிறைய பேர், காரணம் இதுதான், பக் இல்ல.

அந்த 400 எங்கிருந்து வருதுன்னும் பாத்துக்கோங்க. டூல்கிட்டோட வர்ற முதல் எக்ஸாம்பிள்ல கிளவுட்லெட் (விஎம்ல ஓடற ஒரு வேலை) நீளம் 4,00,000 மில்லியன் இன்ஸ்ட்ரக்ஷன், விஎம் 1000 மிப்ஸ் (செகண்டுக்கு 1000 மில்லியன் இன்ஸ்ட்ரக்ஷன்), வகுத்தா 400. ஆரம்பம் 0.1, முடிவு 400.1. அந்த 0.1, விஎம் ரெடின்னு டேட்டாசென்டர்ல இருந்து புரோக்கருக்கு (யூசர் சார்பா வேலையை அனுப்பற பகுதி) பதில் போக ஆகற நேரம். அதே விஎம்ல அதே மாதிரி இன்னொரு கிளவுட்லெட் போட்டா, ஸ்பேஸ் ஷேர்டுல (ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது) ஒண்ணு 400.1-லயும் அடுத்தது 800.1-லயும் முடியும், டைம் ஷேர்டுல (ரெண்டும் ஒரே நேரத்துல பங்கு போட்டு ஓடும்) ரெண்டுமே 800.1. அல்காரிதமே எழுதாம வெறும் ஷெட்யூலரை மாத்தியே முடிவு நேரத்தோட சராசரி 600-க்கும் 800-க்கும் நடுவுல ஆடும், இதைத் தன்னோட "இம்ப்ரூவ்மென்ட்"னு கிராஃப் போட்டவங்களையும் பாத்திருக்கேன்.

சரி, 7ஜிக்கு வருவோம். கோர் நல்லா இருந்தாலும் அப்புறம் புது வசதிகளை மேல சேர்த்த விதம் சரியில்ல. 4.0-ல கன்டெய்னர் (விஎம்-க்கு உள்ள ஆப்பைத் தனித்தனியாப் பிரிச்சு ஓட்டற பெட்டி) வந்தப்போ கன்டெய்னருக்குன்னு தனி டேட்டாசென்டர், தனி ஹோஸ்ட், தனி விஎம்னு பாதி கோடைக் காப்பி அடிச்ச மாதிரி ஒரு பேக்கேஜ், நெட்வொர்க்குக்கு ஒரு வகை, பவருக்கு ஒரு வகை, மூணையும் ஒரே சிமுலேஷன்ல ஓட்டணும்னா தலைவலி. 2024-ல வந்த 7ஜில இதைத்தான் பிரிச்சு மேஞ்சிருக்காங்க: மேல ஏத்திக்கிறது எல்லாம் ஹோஸ்ட் என்டிட்டி, ஏறி உக்காருறது எல்லாம் கெஸ்ட் என்டிட்டி. விஎம் ஹோஸ்ட் மேல உக்காருது, கன்டெய்னரைத் தன் மேல ஏத்திக்குது, அதனால அது ரெண்டுமே. உங்க கிளாஸ்ல விஎம்னு டைப் போட்ட இடத்துல பல இடம் கெஸ்ட்டா மாறும், ஓவர்ரைட் பண்ண மெத்தட் பேரும் மாறும், ஐடிஇ (கோடு எழுதற எடிட்டர்) சிவப்புக் கோடு போட்டுக் காட்டிடும், பெரிய விஷயமில்ல. ஜாவாவும் புதுசு வேணும். ஆனா 3.0.3-ல காமன்ஸ் மேத்ங்கற கணக்கு லைப்ரரியோட ஜாரைக் கைல தேடிச் சேர்க்கற அந்த எக்லிப்ஸ் கூத்து இருக்காது, தேவையான லைப்ரரியை எடுத்துத் தர்ற டூலான மேவனே எல்லாத்தையும் இழுத்துக்கும்.

பயம் எதுலன்னா, எரர் இல்லாம ஓடி நம்பர் மட்டும் மாறுறதுலதான். அதனால உங்க அல்காரிதத்தை நகர்த்தறதுக்கு முன்னாடி, அதை எடுத்துட்டு சும்மா டீஃபால்ட் பாலிசியோட அதே ஹோஸ்ட், அதே விஎம், அதே கிளவுட்லெட் வெச்சு ரெண்டு வெர்ஷன்லயும் ஓட்டி, ஆரம்ப நேரம் முடிவு நேரம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்கயே வித்தியாசம் வந்தா, எந்த விஎம் எந்த ஹோஸ்ட்ல போய் உக்காந்துச்சுன்னு லாக்ல ஒவ்வொண்ணா பாருங்க. அது புரிஞ்சதுக்கப்புறம் உங்க கிளாஸைக் கொண்டு வந்தா போதும், பேப்பர்ல போடற பேஸ்லைனையும் (உங்க அல்காரிதத்தோட ஒப்பிடற மத்த முறை) 7ஜில திரும்ப ஓட்டிடுங்க, பழைய 3.0.3 நம்பரைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க.