புற்றுநோய் மாத்திரையும் முட்டுப் பம்பும்: ஒரு மருந்தாளரின் பதில்கள்

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) பம்ப் (இன்ஹேலர்) இழுப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் வைத்தியசாலை மருந்தாளர். ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லலாம். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியரின் முடிவு.

களுவாஞ்சிக்குடி: அப்பாவுக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் மாத்திரை சரிவராமல் நிலோட்டினிப் மாத்திரை கொடுக்கிறார்கள். முட்டுக்கு சல்மெட்டரோலும் புளூட்டிகசோனும் கலந்த பம்ப் பல வருடமாக இழுக்கிறார். இப்போது நெஞ்சு படபடக்கிறது என்கிறார். பம்ப் காரணமா?

மகள், காரணத்தைப் பிறகு பார்ப்போம். இன்றைக்கே ஓர் ஈசிஜி எடுங்கள். தலைசுற்றி விழுந்தாலோ மயங்கினாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

நிலோட்டினிப் தனியாகவே இதயத்தின் மின்துடிப்பில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும். அதனால்தான் தொடங்குமுன் ஒரு ஈசிஜி, 7 நாளில் இன்னொன்று, அப்புறம் இடையிடையே என்று எடுக்கச் சொல்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியாக இருக்கவேண்டும். சல்மெட்டரோல் நாடித்துடிப்பைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆக இதயத்துடிப்பைத் தடுமாறவைக்கும் பக்கமாகத்தான் இரண்டு மருந்தும் தள்ளுகின்றன.

அதோடு முடியவில்லை. சல்மெட்டரோலை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள சிப் 3ஏ4 என்ற நொதியம். நிலோட்டினிப் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. இதே நொதியத்தை மிகக் கடுமையாகத் தடுக்கும் கீட்டோகோனசோலை சல்மெட்டரோலோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தத்தில் சல்மெட்டரோலின் அளவு ஏறத்தாழ 16 மடங்கு கூடியது. சிலரைப் படபடப்பு, க்யூடி நீட்சி காரணமாக இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. நிலோட்டினிப் அவ்வளவு கடுமையானதல்ல, 16 மடங்கு என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் அப்பாவின் படபடப்பைச் சாதாரணமாக விடக்கூடாது.

பம்பை நீங்களாக நிறுத்த வேண்டாம். முட்டு ஏறி மூச்சடைத்தால் அது அன்றைக்கே ஆளைக் கொல்லக்கூடும். வைத்தியர் வேறு பம்புக்கு மாற்றலாம். பம்பில் உள்ள ஸ்டீரொய்டான புளூட்டிகசோனையும் இதே நொதியம்தான் உடைக்கிறது. அதற்குப் பதிலாக பெக்லோமெதசோன் என்ற ஸ்டீரொய்டு கொடுத்தால், அது சிப் 3ஏ4 நொதியத்தில் அவ்வளவு தங்கியிருப்பதில்லை. நிலோட்டினிப் விழுங்குமுன் 2 மணி நேரமும் விழுங்கியபின் 1 மணி நேரமும் சாப்பிடக்கூடாது என்பதையும் அப்பா கடைப்பிடிக்கிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும், க்யூடியும் கூட நீளும்.

ஏறாவூர்: உம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். தமொக்சிஃபென் குடிக்கிறா. சல்பியூட்டமோல் பம்ப் இழுக்கலாமா?

இழுக்கலாம்.

வாழைச்சேனை: மார்புப் புற்றுநோய்க்கான லெட்ரசோலோடு சல்பியூட்டமோல்?

இழுக்கலாம். லெட்ரசோலோடு ரைபோசிக்லிப் என்ற இன்னொரு புற்றுநோய் மாத்திரையும் கொடுக்கிறார்களா என்று மட்டும் மருந்துத் துண்டைப் பாருங்கள். அது க்யூடியை நீட்டும், சிப் 3ஏ4 நொதியத்தையும் கடுமையாகத் தடுக்கும். அப்படியென்றால் களுவாஞ்சிக்குடி மகளுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கல்முனை: பம்ப் நெஞ்சுக்குள் போகிற மருந்து. இரத்தத்தில் கலக்காது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? சும்மா பயம் காட்டுகிறீர்கள்.

காக்கா, இந்த எண்ணம்தான் ஆபத்து. பம்பை அமுக்கும்போது மருந்தில் கொஞ்சம்தான் நுரையீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து விழுங்கப்படுகிறது. விழுங்கிய புளூட்டிகசோனில் 100க்கு 1 பங்குகூட உடம்பில் சேராது, ஈரல் உடைத்துவிடும். நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்வதையும் பிறகு அதே ஈரல்தான் உடைக்கிறது. நொதியத்தைத் தடுத்துவிட்டால் இரண்டும் தேங்கும். எச்ஐவி மருந்தான ரிட்டோனவிரோடு புளூட்டிகசோன் இழுத்தவர்களுக்கு முகம் உப்பி, தோல் மெலிந்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொய்டும் நின்றுபோன கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. அவர்கள் ஸ்டீரொய்டு மாத்திரை ஒன்றும் விழுங்கியவர்கள் அல்லர்.

கல்முனை, மறுபடி: அப்படியென்றால் பழைய தியோபிலின் மாத்திரையே நல்லது. பம்ப் பழகினால் விடமுடியாது.

பம்புக்கு யாரும் அடிமையாவதில்லை. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது, நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் போல. தியோபிலினை நல்லது என்று சொன்னதைத்தான் என்னால் விடமுடியவில்லை. அதில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. கீமோ நேரத்தில் வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால் சிப்ரோபுளொக்சசின் கொடுப்பார்கள். அது தியோபிலின் அளவை ஏற்றிவிடும். நோய் தெரிந்ததும் பீடி, சிகரெட்டை நிறுத்துகிறார்கள், நல்ல காரியம், ஆனால் அப்போதும் தியோபிலின் ஏறும். வாந்தி, படபடப்பு, கடைசியில் வலிப்பு. வாந்தியைக் கீமோவின் வாந்தி என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பம்ப் சிரமம் என்றால் அதில் பொருத்தி இழுக்கும் ஸ்பேசர் குழாய் கேளுங்கள், தியோபிலினுக்குத் திரும்ப வேண்டாம்.

காரைதீவு: பம்ப் இழுக்கும் அண்ணனுக்குக் கீமோவுக்குப் பிறகு நாக்கில் வெள்ளை படிந்தது. பாமசியில் இட்ராகோனசோல் தந்தார்கள்.

கொடுக்க வேண்டாம், வைத்தியரிடம் கேட்கும்வரை. வெள்ளை படிந்தது பூஞ்சணத்தால். ஸ்டீரொய்டு பம்ப் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காததும் கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் சேர்ந்து அதைக் கொண்டுவரும். இட்ராகோனசோல் சிப் 3ஏ4 நொதியத்தைக் கடுமையாகத் தடுக்கும். பம்பில் உள்ள ஸ்டீரொய்டும் சல்மெட்டரோலும் தேங்கும், பல புற்றுநோய் மாத்திரைகளும் தேங்கும். நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் அதே ரகம். நிஸ்டட்டின் சொட்டு மருந்து வாய்க்குள்ளேயே வேலை செய்யும், இரத்தத்தில் சேராது. அதைப்பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறை இழுத்தபின்னும் கொப்பளித்துத் துப்பவேண்டும்.

சம்மாந்துறை: ஜம்போலா (பம்பளிமாசு) சாப்பிடலாமா? கருஞ்சீரகம்?

நிலோட்டினிப் போன்ற மாத்திரை குடிக்கும் காலத்தில் ஜம்போலா வேண்டாம். குடலில் அதே நொதியத்தைத் தடுக்கும். கருஞ்சீரகம் சோற்றிலும் ரொட்டியிலும் சேர்வது வேறு, எண்ணெயாகக் கரண்டி கணக்கில் குடிப்பது வேறு. குடிக்கிறவர்கள் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

ஆரையம்பதி: சல்பியூட்டமோலும் தமொக்சிஃபெனும்?

ஏறாவூருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று: மார்புப் புற்றுநோய்க்கான அனஸ்ட்ரசோலும் சல்பியூட்டமோலும்?

இழுக்கலாம். தயவுசெய்து மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கேளுங்கள், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

திருக்கோவில்: கீமோ எடுக்கிறவர் என்ன சாப்பிடவேண்டும்?

உங்கள் வாட்டின் தாதியரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேளுங்கள். அது என் துறையல்ல.

கல்லடி: மாமாவுக்குப் பிளியோமைசின் ஏற்றினார்கள். இப்போது வறட்டு இருமல், படி ஏறினால் இளைக்கிறது. அவருக்குப் பழைய முட்டு உண்டு, அதனால் சல்பியூட்டமோலைக் கூட்டி இழுக்கிறார். சரியா?

சரியில்லை. பிளியோமைசின் நுரையீரலையே புண்ணாக்கித் தழும்பாக்கக்கூடிய மருந்து. மெத்தோட்ரெக்சேற், ஒசிமெர்டினிப் இவற்றாலும் நுரையீரல் அழற்சி வரும். புதிதாக வந்த இளைப்பைப் பழைய முட்டு என்று எண்ணிப் பம்பைக் கூட்டினால் நாள்தான் வீணாகும். நாளை காலை வரை பார்க்க வேண்டாம். இன்றே வைத்தியசாலைக்குப் போய், ‘பிளியோமைசின் ஏற்றியவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுக்கும் அளவை அவர்கள் அதைக் கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள். கிளினிக் கொப்பி மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் போட்டது ஒன்று, மட்டக்களப்பில் போட்டது ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எடுத்துப் போங்கள். பம்பையும் பையில் போடுங்கள்.