விண்ணப்பித்தும் பதில் இல்லை: மென்பொருள் வேலை தேடுவோரின் கேள்விகள்

கேள்வி: பேக்கெண்ட் (சர்வர், தரவுத்தளம் சார்ந்த) பொறியாளராக ஆறு ஆண்டு அனுபவம். நாள் தவறாமல் விண்ணப்பிக்கிறேன். ஓர் அழைப்புகூட வரவில்லை. என் ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். எங்கே கோளாறு?

பதில்: முதல் பக்கம் முழுவதும் கருவிகளின் பெயர்கள். ஜாவா, பைதான், டாக்கர், குபர்னெட்டீஸ். உங்களுக்கு அடுத்து விண்ணப்பித்தவரிடமும் இதே பட்டியல்தான் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி பதுங்கிக் கிடக்கிறது: ‘தரவுத்தளத்தின் செயல்திறனை மேம்படுத்தினேன்.’ எவ்வளவு, எப்படி என்று அதில் இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் விவரமாகச் சொல்கிறீர்கள்: ஆர்டர் பட்டியல் திறக்க 4 விநாடி ஆனது, வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய அட்டவணை) அமைத்தீர்கள், அரை விநாடிக்குள் திறக்கிறது. இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? ரெஸ்யூமேயின் மேல்பாதிக்குக் கொண்டுபோங்கள்.

அப்படி எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ‘இன்டெக்ஸில் தேதியை ஏன் முதலில் வைக்கவில்லை?’ என்றுதான் நேர்காணல் செய்பவர் தொடங்குவார். தேதி முன்னால் இருந்தால், அந்தக் காலத்தில் ஆர்டர் செய்த அத்தனை பேரின் பதிவுகளையும் கடந்தாக வேண்டும். வாடிக்கையாளர் எண் முன்னால் இருந்தால் ஒருவருடைய பதிவுகள் மட்டும் தேதி வரிசையில் அடுத்தடுத்துக் கிடைக்கும். நீங்களே செய்த வேலை என்பதால் பதில் தடுமாறாமல் வரும்.

மற்றபடி, பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் அமைப்பையும் திறமையைக் காட்டும் வண்ணப் பட்டைகளையும் எடுத்துவிடுங்கள். விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் மென்பொருள் முதலில் எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கும். உங்கள் பிடிஎஃப் கோப்பிலுள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் ஒட்டிப் பார்த்தபோது, உங்கள் பழைய நிறுவனத்தின் பெயர் கல்லூரிப் பட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது! இரண்டு பக்கத்துக்குள் சுருக்குங்கள்.

கேள்வி: முன்பு உடன் வேலை பார்த்தவர்களிடம் பரிந்துரை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். தேடும் பொறுப்பை அவர் தலையில் கட்டுகிறீர்கள். குறிப்பிட்ட பணியிடத்தின் இணைப்பு, நீங்கள் ஏன் பொருத்தம் என்று மூன்று வரி, ரெஸ்யூமே. அவர் அப்படியே மேலே அனுப்பும்படி இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் பயிற்சிக் கணக்குகளை நன்றாகவே போடுகிறேன். நேர்காணலில் எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை உறைந்துவிடுகிறது.

பதில்: நீங்கள் மௌனமாகப் பயிற்சி செய்கிறீர்கள், தேர்வோ பேசிக்கொண்டே எழுதுவது. இரண்டும் வேறு வேறு திறமைகள். ஒரு பட்டியலில், கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டென்று கீபோர்டில் கை வைக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: ஒரே எண் இரண்டு முறை வருமா, பட்டியல் காலியாக இருக்கலாமா, விடை கிடைக்காவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும்? பிறகு எளிய வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். 1 லட்சம் எண்கள் என்றால் ஏறத்தாழ 500 கோடி ஜோடிகள். அந்தக் கணக்கைச் சொன்னதுமே அடுத்த வழி உங்களுக்கே தோன்றும்: பார்த்த எண்களை ஹாஷ் மேப்பில் (ஓர் எண் உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லும் சேமிப்பு முறை) போட்டுக்கொண்டே, ஒவ்வோர் எண்ணுக்கும் தேவையான ஜோடி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் பட்டியலை ஒரு முறை கடந்தால் போதும். எங்கேயாவது சிக்கிக்கொண்டாலும், அதுவரை பேசியதைக் கேட்டவருக்குக் கைகொடுக்க வழி தெரியும். மௌனமாக உட்கார்ந்திருப்பவருக்கு யாராலும் குறிப்புத் தர முடியாது.

நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பழகுங்கள். பிழை வந்துவிடுமோ என்ற நடுக்கமும் வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி தேடல் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) நிரலில்கூட, பட்டியலின் இரண்டு இட எண்களைக் கூட்டும் இடத்தில் கூட்டுத்தொகை எண் வரம்பை மீறும் பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006ஆம் ஆண்டில் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். எழுதி முடித்ததும் சிறிய உள்ளீடு ஒன்றை எடுத்து வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள். பிழையை நீங்களே பிடித்தால் அது உங்கள் கணக்கில் வரவுதான்.

கேள்வி: ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. இடைவெளியை எப்படி விளக்குவது?

பதில்: ‘குழு கலைக்கப்பட்டது’ என்று ஒரே வாக்கியம். உடனே இப்போது என்ன கற்கிறீர்கள், என்ன உருவாக்குகிறீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். தேதிகளைத் திருத்தி இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள். பின்புலச் சரிபார்ப்பில் அகப்பட்டால் கையில் கிடைத்த வேலையும் போய்விடும்.

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப் குறைந்த சம்பளமும் நிறையப் பங்கு விருப்பங்களும் (நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை) தருவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? நாளைக்குள் பதில் கேட்கிறார்கள்.

பதில்: பங்குகளின் எண்ணிக்கையைக் கேட்டு மயங்காதீர்கள். மொத்தப் பங்குகள் எத்தனை என்று தெரியாமல் 20,000 பங்கு என்பதற்குப் பொருளே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் நிறுவனம் என்றால் நான் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வேன். பரவலாக உள்ள ஏற்பாட்டில் பங்குகள் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உங்கள் உரிமைக்கு வரும்; முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. பதினோராவது மாதத்தில் விலகினால் வெறுங்கைதான். பங்கை வாங்க நீங்கள் செலுத்த வேண்டிய விலை என்ன, வேலையை விட்டபின் வாங்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சம்பளம் மட்டுமே செலவுக்குப் போதுமா என்று பாருங்கள். போதாது என்றால் வேண்டாம். அவகாசத்துக்கு, ‘விவரங்களைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவைச் சொல்கிறேன்’ என்று நாளைக் குறித்தே எழுதுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: வாய்மொழியாகத் தேர்வு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போதே ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: கூடாது. கையெழுத்திட்ட பணி ஆணை வரட்டும்.