சாயத்தை நிறுத்திவிட்டேன், நரைமுடி மஞ்சளடிக்கிறதே?

கேள்வி: எனக்கு வயது 47. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஆசிரியையாக இருப்பதால் தினமும் மலையேறி இறங்குகிறேன். பல ஆண்டுகளாகத் தலைக்குச் சாயம் பூசிவந்தேன். சென்ற ஆண்டு பூசிய மறுநாள் நெற்றியும் காதோரமும் அரித்துத் தடித்து, கண்ணிமைகள் வீங்கிவிட்டதால் அடியோடு நிறுத்திவிட்டேன். நரையோடு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முடி வறண்டு, கம்பிபோல் நிமிர்ந்து, மஞ்சளடித்துத் தெரிகிறது. வீட்டில் போர் தண்ணீரில்தான் குளிக்கிறோம். தை மாதம் மகனுக்குத் திருமணம். அன்றைக்கு மட்டுமாவது மூலிகைச் சாயம் பூசிக்கொள்ளச் சொல்கிறார் மாமியார். பூசலாமா? 19 வயது மகளுக்கும் நரை தெரிகிறது. அது என்னால் வந்ததா?

மருத்துவர் பதில்: மாமியாரின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். நீங்கள் விவரித்திருப்பது, கறுப்புச் சாயங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் பாராபினைலீன்டயமின் என்ற வேதிப்பொருளுக்கு ஏற்படும் ஒவ்வாமையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். அடுத்த முறை முன்னதைவிடக் கடுமையாகவும் வரலாம். பெட்டியின் மேல் 'அம்மோனியா இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்மோனியா இல்லாத சாயத்திலும் இந்தப் பொருள் இருக்கக்கூடும். மருதாணி தனியாகச் செம்மை நிறத்தையே தரும். அவுரிப் பொடியைச் சேர்த்தால் கருமை வரும் என்பது உண்மைதான் என்றாலும், மூலிகை என்ற பெயரில் வந்து ஒரே பூச்சில் முடியைக் கருகருவென்று ஆக்கிவிடும் பொடியைச் சந்தேகப்படுவதே நல்லது. ஆகவே திருமணத்துக்காக எதையும் பூச வேண்டாம். கண்ணிமை வீங்கிய அனுபவம் உள்ளவர் வீட்டிலேயே காதுக்குப் பின்னால் தடவிச் சோதித்துப் பார்ப்பதும் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ வேறு தோல் மருத்துவரிடமோ காட்டி, எதனால் ஒவ்வாமை ஏற்பட்டது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாமியாரிடம் இதை மருத்துவர் தடுத்ததாகவே சொல்லிவிடலாம்.

இனி நரைக்கு வருவோம். முடியின் வேர்ப்பையில் மெலனின் நிறமியை உண்டாக்கும் செல்கள் வயதாக ஆகக் குறைந்துவிடுவதால், புதிதாக வளரும் முடி நிறமின்றி வருகிறது. உங்கள் வயதில் இது நோய் அன்று, மருந்தும் தேவையில்லை. நெல்லிக்காயும் கறிவேப்பிலையும் நல்ல உணவுகள். அவற்றைச் சாப்பிடுங்கள், ஆனால் நரைத்த முடியைக் கறுப்பாக்கும் என்று எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடும் வறட்சிக்கும் மஞ்சளுக்கும் காரணங்கள் தனித்தனியானவை. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது தலையின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. அதனால் முடி சொரசொரப்பாகி நிமிர்ந்து நிற்கிறது. பழைய சாயம் ஏறிய நுனிப்பகுதி ஏற்கெனவே நைந்திருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால், 30 செ.மீ. நீளமுள்ள கூந்தலில் சாயம் முழுவதும் வெளியேற இரண்டரை ஆண்டுகள் ஆகிவிடும். அவ்வளவு காலம் இருநிறக் கூந்தலோடு இருக்கப் பொறுமை இல்லையென்றால், தோள்வரை வெட்டிக்கொள்வதில் தவறேதும் இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்வேன்.

மேக்னசைட்டும் சுண்ணாம்புக்கல்லும் வெட்டியெடுக்கப்படும் மாவட்டம் இது. அத்தகைய பாறைகளின் ஊடாக வரும் நிலத்தடி நீரில் மெக்னீசியமும் கால்சியமும் கரைந்திருக்கும். உங்கள் வீட்டுக் குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது இவைதான். அதே படிவு முடியிலும் ஏறி அதை மங்கலாக்குகிறது. குளியல் சோப்பைத் தலையில் தேய்த்தால் இந்தத் தண்ணீரில் அது பிசுபிசுப்பாகத் திரிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், மென்மையான ஷாம்புவை வாரம் இருமுறை பயன்படுத்துங்கள். அரப்பு, சீயக்காய்ப் பழக்கம் இருந்தால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், இரண்டும் வறட்சியைக் கூட்டும். கண்டிஷனரைத் தலைத்தோலில் படாமல் முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மேட்டூர் தண்ணீராகவோ பிடித்துவைத்த மழைநீராகவோ இருக்கட்டும். தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முந்தைய இரவு சிறிதளவு தேய்த்தால் போதும். எண்ணெய் வழிய வெயிலில் போனால் வெண்முடியில் மஞ்சள் இன்னும் கூடும்.

மஞ்சளுக்கு வெயிலே முக்கியக் காரணமாக இருக்கலாம். மெலனின் இல்லாத முடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்க எதுவும் இல்லை. முடியின் புரதமே அந்தக் கதிரால் நிறம் மாறுகிறது. 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சேலத்தில் வியர்க்க வைக்கும் வெயிலைவிட அங்கே குளிர்ந்த காற்றோடு வரும் வெயிலில் இக்கதிர் அதிகம். குளிர் இதமாக இருப்பதால் மலைக்குப் போகும்போது குடையை வீட்டிலேயே வைத்துவிடுவது நம் பழக்கம். பள்ளி மைதானத்தில் நிற்கும்போது குடையோ தொப்பியோ அவசியம். வகிட்டுத் தோலையும் அது காக்கும். மஞ்சளைக் குறைக்க ஊதா நிற ஷாம்பு கிடைக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் போட்டு அலசினால் போதும், அதிகம் போட்டால் முடியில் ஊதாச் சாயல் தங்கிவிடும். இதிலும் நிறமிகள் உண்டு என்பதால், ஒவ்வாமைக்குக் காரணம் தெரிந்து தோல் மருத்துவர் சம்மதித்த பிறகே நீங்கள் இதை வாங்க வேண்டும்.

மகளுக்கு வந்த நரை உங்கள் சாயத்தால் வந்ததன்று. பரம்பரைக் கூறு இருக்கலாம். ஆனால் ஆசிய மக்களிடையே 25 வயதுக்கு முன் தெரிவதை இளநரை என்று கருதுவது வழக்கம் என்பதால், அவருக்குச் சில பரிசோதனைகள் செய்வது நல்லது. வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றைப் பாருங்கள். பால், முட்டை, மாமிசம் எதுவும் சேர்க்காதவர் என்றால் பி12 முக்கியம். குறை இருந்து ஈடுசெய்தால் சிலருக்கு நரைப்பது மட்டுப்படும், எல்லோருக்கும் அல்ல. அவர் முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அது தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.