இறுகிப்போன டை ராடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செட்டிநாட்டுப் பக்கம் வருடத்தில் பாதிநாள் கொட்டகையில் நின்றுவிட்டு, கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஊருக்கு ஆள் வரும்போது மட்டும் ஓடுகிற கார்கள் நிறைய. மழைக்காலத்து ஈரமும் செம்மண்ணும் அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கலாம் என்று கீழே படுத்து, ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு கம்பியில் ஸ்பேனரைப் போட்டால் ஒன்றும் அசையாது. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வீட்டிலேயே நூல் கட்டி டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) அளந்தேன். முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்கின்றன. திருத்தப் போனால் டை ராடு லாக் நட் அசையவே இல்லை. ஸ்பேனரில் பைப் மாட்டி மிதித்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்? (கோட்டையூர்)

முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள். எந்தத் திசையில் மிதித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். லாக் நட் கழலுவது என்றால், அது சக்கரத்தின் பக்கம் இருக்கும் முனைத் துண்டான டை ராடு எண்டை விட்டு விலகி வண்டியின் நடுப்பக்கமாகப் போகவேண்டும். சக்கரத்தருகே உட்கார்ந்து உள்நோக்கிப் பார்த்தால், வழக்கமான வலப்புரி மரையில் (திருகு புரியில்) அது கடிகார முள் சுற்றும் திசை. “கழற்றுவது என்றால் இடப்பக்கம்தானே” என்று பழக்கத்தில் திருகினால், இறுகிய நட்டை இன்னும் இறுக்குகிறீர்கள். பைப் போட்டு மிதித்தால் கேட்கவே வேண்டாம்.

திசை சரி என்றால், அடுத்து அவசரப்படாமல் இருக்கவேண்டும். முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நட் விலகிப் போகவேண்டிய வழி அதுதான். அங்கே துரு இருந்தால் கழன்ற நட் கால் சுற்றில் மறுபடி சிக்கும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை நட்டின் இரண்டு பக்கமும் அடித்து, சின்ன சுத்தியலால் நட்டின் பட்டைகளில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடியுங்கள்.

காலையில் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று டை ராடு எண்டின் தட்டைப் பகுதியைப் பிடிக்க, இன்னொன்று நட்டுக்கு. ஒரே ஸ்பேனரில் வேலை பார்த்தால் உங்கள் பலமெல்லாம் எண்டின் குண்டு மூட்டான பால் ஜாயிண்டைச் சாய்ப்பதிலேயே போய்விடும். இந்த இடத்தில் ரிங் ஸ்பேனர் நுழையாது, ஓப்பன் ஸ்பேனர்தான். அது தேயாத வாயுடன், நட்டில் முழுசாக உட்காரவேண்டும். ஒரேயடியாகக் கழற்றப் பார்க்காமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றும் பக்கம் ஒரு சுருக் இழுப்பு. “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பிறகு அரைச் சுற்று விலகினால் போதும், வேலைக்கு இடம் கிடைத்துவிடும்.

லாக் நட் கழன்றுவிட்டது. ஆனால் டை ராட்டின் உள்கம்பியைத் திருப்பினால் அதன் மேலிருக்கும் ரப்பர் பூட்டும் (தூசி புகாமல் மூடும் மடிப்பு உறை) சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. (பள்ளத்தூர்)

பூட்டின் சின்ன வாய் கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருக்கும் கிளிப்பைத் தள்ளிவிட்டு, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை வாய்க்குள் மெதுவாக விட்டு ஒரு சுற்று கிளப்புங்கள். கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் கம்பி தனியாகச் சுழலும். முறுக்கிய பூட் கிழிந்தால் உள்ளே செம்மண் தூசி போய் ஸ்டியரிங் ரேக்கையே (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) தின்றுவிடும். ரேக் விலை தெரிந்தால் இந்தக் கிளிப்பைக் கழற்ற யாரும் சோம்பல்படமாட்டார்கள்.

கம்பியைத் திருப்ப அதிலேயே ஸ்பேனர் பிடிக்கத் தட்டை இருக்கும். மரையில் பைப் ரெஞ்சு போடாதீர்கள்.

இடப்பக்கம் இறுகிவிட்டது என்று கடையில் வலப்பக்கம் மட்டும் திருப்பி அலைன்மெண்ட் செய்து கொடுத்தார்கள். வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் வீல் மட்டும் சாய்ந்து நிற்கிறது. வீலைக் கழற்றி நேராக மாட்டிக்கொள்ளலாமா? (தேவகோட்டை)

வேண்டாம். இது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம். காசு வாங்கிக்கொண்டு பாதி வேலை செய்து அனுப்புகிறார்கள், வாடிக்கையாளருக்கும் வண்டி நேராகப் போவதால் ஒன்றும் தோன்றுவதில்லை.

டோ என்பது இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்த கணக்கு. ஒரு பக்கத்தில் மட்டும் திருத்தினாலும் மொத்த அளவு சரியாக வரும். ஆனால் நேராக ஓட்டும்போது ரேக் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். ஸ்டியரிங் சாய்ந்து தெரிவது அதனால்தான். சக்கரம் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். வீலைக் கழற்றி நேராக மாட்டினால் வெளிப்பார்வைக்குச் சரியாகிவிடும், உள்ளே கோளாறு அப்படியே இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த வீலுக்குப் பின்னால் சுருள் ஒயர் வேறு இருக்கிறது. தெரியாமல் கழற்றினால் அறுந்துபோகும், ஏர்பேக்கும் ஆபத்து.

இறுகிய பக்கத்தை இளக்குவதுதான் வழி. கோட்டையூர் வாசகருக்குச் சொன்னதைச் செய்யுங்கள். இளகியதும் ஸ்டியரிங்கை நடுவில் வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். கால் சுற்றுக்கே சக்கர விளிம்பில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்கவேண்டும். எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், பக்கத்து வீட்டு வண்டியின் அளவு உதவாது.

இளகவே இல்லை என்றால் எண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். வெட்டும் முன் பழைய எண்டின் நடுவிலிருந்து கம்பியில் ஒரு குறி வரை நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். உள்கம்பியின் மரையும் போயிருந்தால் அதையும் மாற்றவேண்டும். ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் என்ற பேச்சே கூடாது.

பத்தர் வைத்திருக்கும் கேஸ் ஊதுகுழலால் சூடு காட்டலாமா? (புதுவயல்)

நட்டுக்கு மட்டும், அதுவும் பூட்டை நன்றாகத் தள்ளி ஈரத்துணி சுற்றிவிட்டு. டை ராடு எண்டின் தலையில் சூடு பட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் கிரீஸும் உருகிவிடும், பிறகு அதைத் தூக்கிப் போடவேண்டியதுதான். எண்ணெய் அடித்த இடத்தில் நெருப்பு பற்றும். துடைத்துக் காயவிட்டுச் செய்யுங்கள், மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் போதாதா? (கண்டனூர்)

தேங்காய் எண்ணெய் மரைக்குள் இறங்காது. மண்ணெண்ணெய் இறங்கும், ஆனால் நேரம் எடுக்கும். கையில் இருப்பது அதுதான் என்றால் துணியில் நனைத்து நட்டில் சுற்றி ஒரு ராத்திரி விடுங்கள்.

எண்டை மாற்றப் போனேன். மேல் நட்டைக் கழற்றிவிட்டேன், பால் ஜாயிண்ட் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) விட்டு வரவில்லை. போல்ட் முனையில் அடித்ததில் மரை நசுங்கிவிட்டது. (கானாடுகாத்தான்)

முனையில் அடிக்கவே கூடாது. அந்தத் தண்டு கூம்பு வடிவில் துளைக்குள் இறுகியிருக்கிறது. அடிக்கவேண்டியது துளை இருக்கும் நக்கிள் கையின் பக்கவாட்டில். எதிர்ப்பக்கம் ஒரு கனமான சுத்தியலை அண்டக்கொடுத்து, இந்தப் பக்கம் இன்னொன்றால் ஓங்கி ஓர் அடி. துளை ஒரு நொடி முட்டை வடிவமாகும், கூம்பு விடுபட்டு விழும். நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மரை பிடிப்பில் விட்டுவைத்தால் பொத்தென்று கையில் விழாது. நக்கிள் அலுமினியமாக இருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்குங்கள். கவைக்கம்பி போட்டு நெம்பினால் ரப்பர் கிழியும், எப்படியும் மாற்றப்போகிற எண்டுக்கு மட்டும் அது சரி.

திரும்ப மாட்டும்போது நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால், கீழே ஜாக்கியால் லேசாக அழுத்தம் கொடுங்கள், கூம்பு பிடித்துக்கொள்ளும். நைலான் வளையம் வைத்த நட்டாக இருந்தால் புதிது போடுங்கள். ஸ்பிளிட் பின்னும் அப்படியே.

பழைய ஜீப். நீளக் கம்பியின் இரண்டு பக்க கிளாம்பையும் கழற்றிவிட்டேன், கம்பி சுழலவில்லை. (குன்றக்குடி)

உங்கள் வண்டியில் ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி. கம்பியைச் சுற்றினால் இரண்டு எண்டும் ஒன்றாக உள்ளே வரும் அல்லது வெளியே போகும். ஒரு முனை மட்டும் இறுகியிருந்தாலே முழுசும் நின்றுவிடும். கிளாம்பு இருந்த இடத்தில் குழாயில் ஒரு பிளவு தெரியும். எண்ணெயை அதன் வழியாக விடுங்கள், நேராக மரைக்கே போகும். உளியை அந்தப் பிளவில் வைத்து இலேசாகத் தட்டி விரித்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டியரிங் வீல் நேராக நிற்க வேறு கம்பி இருக்கிறது, அதை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். தரை மட்டமாக இருப்பதால் அங்கேயே வேலை பார்க்கலாமா? (ஆத்தங்குடி அருகிலிருந்து)

அளக்க அருமையான இடம். ஜாக்கி வைக்க மோசமான இடம். அது கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட் கல். ஜாக்கியின் சின்ன அடிப்பாகத்தில் காரின் பாரம் ஏறினால் விரிசல் விடும், எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக் கறையாகும். கழற்றும் வேலையை வெளியே கெட்டித் தரையில், தடித்த பலகை போட்டு, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இளக்கி முடித்தபிறகு முகப்பில் ஏற்றி நூல் கட்டுங்கள்.

மறுபடி இறுகாமல் இருக்க? (திருமயம்)

மரையைச் சுத்தம் செய்து காப்பர் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பால் ஜாயிண்டின் கூம்பில் மட்டும் தடவக்கூடாது, அது உலர்ந்து பிடிக்கவேண்டிய இடம். லாக் நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு இறுக்கி, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தவுடனே தெரியும்.