மகரத்தில் செவ்வாயும் சனியும்: அஞ்ச வேண்டிய சேர்க்கையா?

கேள்வி: எனக்கு வயது 34. துலாம் லக்னம், ரோகிணி நட்சத்திரம். நான்காம் வீடான மகரத்தில் செவ்வாய் 25 பாகையிலும் சனி 21 பாகையிலும் இருக்கின்றன. குரு சிம்மத்தில், சுக்கிரன் கும்பத்தில். பிறந்தபோது சந்திர தசை (சந்திரனின் ஆட்சிக்காலம்) இருப்பு ஒன்பதரை ஆண்டு. "செவ்வாயும் சனியும் சேர்ந்தால் குடும்பம் நிலைக்காது, தோஷமும் கடுமை" என்று ஒரு ஜோதிடர் சொன்னார். "உச்சச் செவ்வாய், ஆட்சிச் சனி, இது ராஜயோகம்" என்கிறார் இன்னொருவர். திருமணம் தள்ளிக்கொண்டே போகிறது. யாரை நம்புவது?

பதில்: முதலாமவர் கிரகங்களின் பெயரை மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறார். இரண்டாமவர் அவை நிற்கும் ராசியை மட்டும் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதித்த ராசியான லக்னத்திலிருந்து இருவருமே எண்ணியதாகத் தெரியவில்லை.

செவ்வாயும் சனியும் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ராசியில் சேரும். செவ்வாய் ஒரு ராசியைக் கடக்கப் பொதுவாக ஒன்றரை மாதம் ஆகும். அந்த ஒன்றரை மாதத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சேர்க்கை உண்டு. அத்தனை பேரின் குடும்பமும் கலைந்துவிடுமா என்ன? 1962 பிப்ரவரியில் இதே மகரத்தில் செவ்வாய், சனி உட்பட எட்டுக் கிரகங்கள் கூடின. உலகமே அழியப்போகிறது என்று நாடெங்கும் யாகம் நடந்தது. பிப்ரவரி முடிந்து மார்ச்சும் வந்தது.

சேர்க்கை என்றால் முதலில் வீடு யாருடையது என்று பார்க்க வேண்டும். மகரம் சனியின் சொந்த வீடு, அதாவது ஆட்சி வீடு. செவ்வாய் அங்கே உச்சம், அதாவது முழு பலம், பெறும் விருந்தாளி. சனிக்குச் செவ்வாய் பகைவன். ஆனால் செவ்வாய்க்குச் சனி பகையல்ல, சமம்தான். எனவே உரசல் இருக்கும், ஆனால் இருவரில் யாரும் பலமிழந்து நிற்கவில்லை. இடைவெளி 4 பாகை. ஒரு பாகைக்குள் நெருங்கினால்தான் கிரக யுத்தம் என்று கொள்வது வழக்கம். உங்களுக்கு அது இல்லை. ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் அம்சத்தில் சனி கடகத்துக்கும் செவ்வாய் சிம்மத்துக்கும் பிரிந்துவிடுவதால் சேர்க்கையின் இறுக்கம் இன்னும் தளர்கிறது.

இனி லக்னத்துக்கு வருவோம். நீங்கள் பிறந்த அதே நாளில் கடக லக்னத்தில் பிறந்தவருக்கு இந்த இருவரும் ஏழாம் வீட்டில் அமர்வார்கள். சிம்ம லக்னத்தாருக்கு ஆறில். துலாம் லக்னத்துக்குச் சனி 4, 5 ஆகிய கேந்திர (1, 4, 7, 10), திரிகோண (1, 5, 9) வீடுகளுக்கு அதிபதி; பெரும் நன்மை தரும் யோககாரகன். செவ்வாய் 2, 7க்கு அதிபதி. மரணத்தைக் குறிக்கும் மாரகாதிபதி என்பது உண்மைதான், ஆனால் குடும்பத்துக்கும் வாழ்க்கைத் துணைக்கும் உரியவனும் அவனே. அவன் கேந்திரத்தில் உச்சமாக நிற்பது ருசக யோகம். சனி ஆட்சியாக நிற்பது சச யோகம். இந்தப் பெயர்களைக் கேட்டு இரண்டாம் ஜோதிடரைப் போல உடனே சால்வை போர்த்திக்கொள்ள வேண்டாம். யோகத்தின் பெயரைவிட முக்கியம் பார்வை, அதாவது ஒரு கிரகம் தான் நிற்கும் இடத்திலிருந்து எண்ணி வேறு எந்த வீடுகளைப் பாதிக்கிறது என்பது.

செவ்வாய்க்கு 4, 7, 8ஆம் பார்வைகள் உண்டு. மகரத்திலிருந்து நான்காவது மேஷம். அது உங்கள் ஏழாம் வீடு, செவ்வாயின் சொந்த வீடு. தன் வீட்டைத் தானே பார்க்கும் அதிபதி அந்த வீட்டை அழிப்பதில்லை, காக்கிறான். போதாததற்குச் சிம்மத்திலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வையும் மேஷத்தில் விழுகிறது. "குடும்பம் நிலைக்காது" என்று சொன்னவர் இந்த இரண்டு பார்வைகளையும் எப்படித் தவறவிட்டார் என்பது எனக்குப் புரியவில்லை.

செவ்வாய் தோஷக் கணக்கைப் பொறுத்தவரை, லக்னத்துக்கு நான்கிலும் சுக்கிரனுக்குப் பன்னிரண்டிலும் செவ்வாய் இருப்பதால் தோஷ இடம்தான். சந்திரனுக்கு ஒன்பதில் இருப்பதால் அந்த வழியில் இல்லை. செவ்வாய் உச்ச வீட்டில் இருந்தால் தோஷம் விலக்கு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஆகவே தோஷ ஜாதகமாக மட்டும் தேடிக்கொண்டு மற்ற வரன்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

தாமதம் மட்டும் மெய். ஏழாம் அதிபதியோடு சனி இருக்கிறது. அதன் பத்தாம் பார்வை உங்கள் லக்னத்தின் மேல் இருக்கிறது. ஏழாம் வீட்டைச் சனி பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தடை வெளியிலிருந்து வருவதைவிட உங்கள் தயக்கத்திலிருந்தோ, வீட்டுப் பொறுப்பை முதலில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்காம் வீடு தாய், மனை, மனநிம்மதி ஆகியவற்றைக் குறிக்கும். இந்தச் சேர்க்கையின் கசப்பு அங்கேதான் இருக்கும்: தாயோடு கருத்து மோதல், கட்டிய வீட்டில் ஓயாத பழுதுவேலை, மனையில் வழக்கு என ஏதாவது ஒன்று.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் தசை இருப்புப்படி ஒன்பதரை வயதிலிருந்து பதினாறரை வயது வரை செவ்வாய் தசை. சேர்க்கை தன் குணத்தை அப்போதே காட்டியிருக்கும். அந்த 7 ஆண்டுகளில் வீடு மாறியதா, தாயின் உடல்நலம் எப்படி இருந்தது, படிப்பில் இடையூறு வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒன்றுமே பொருந்தவில்லை என்றால் பிறந்த நேரத்தைச் சந்தேகியுங்கள். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஜாதகம் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்ததா, வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படியா என்பதையும் கேளுங்கள். 2020இல் சனி மகரத்துக்குப் பெயர்ந்ததைத் திருக்கணிதம் ஜனவரி 24 என்றது, வாக்கியம் டிசம்பர் 27 என்றது. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது 4 பாகை இடைவெளியை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இப்போது உங்களுக்கு ராகு தசையின் கடைசிப் பகுதியான செவ்வாய் புக்தி, 1 ஆண்டு 18 நாள், நடந்துகொண்டிருக்க வேண்டும். ஏழாம் அதிபதியின் புக்தி அது. பெரிய செலவில் பரிகாரம் செய்தால்தான் வரன் அமையும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு வரன்களைப் பாருங்கள். முப்பத்து நான்கரை வயதில் குரு தசை தொடங்குகிறது. குரு உங்கள் லக்னத்துக்கு 3, 6க்கு உரியவன், அவ்வளவு நல்லவனல்ல. ஆனால் பதினொன்றில் நின்று ஏழாம் வீட்டைப் பார்ப்பதால் இந்தப் புக்தியில் கூடிவராத பேச்சு அதில் கூடிவரும் என்றே கணிக்கிறேன்.